கொள்ளைநோய்க் காலத்து இல்லம்

சென்னையிலிருந்து பூனா வழியாகப் பம்பாய் செல்லும் இருப்புப்பாதை, மலை இறங்கிக் கல்யாணை அடைகிறது. நாசிக் பக்கமிருந்து வரும் பாதையும் அங்கேயே வந்து கூடுகிறது. பம்பாயை விட்டு இவ்விரு திசைகளில் எதில் செல்வோரும் அந்நாளில் கல்யாணைக் கடந்தாக வேண்டியிருந்தது. அதனால்தான் பிளேக் நோய் பரவிய நாட்களில் அந்நிலையம் சோதனைச் சாவடி ஆயிற்று. பயணிகளை மருத்துவர் பரிசோதித்தனர். ஐயத்துக்குரியோரைத் தடுத்து நிறுத்தினர்.

1896 செப்டம்பரில், தானியக் கிடங்குகள் மலிந்த மாண்டவிப் பகுதியில் இந்நோயை முதன்முதல் இனங்கண்டவர் டாக்டர் அக்காசியோ வியேகாஸ். எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த நகரிலிருந்து சில மாதங்களுக்குள் லட்சக்கணக்கானோர் வெளியேறினர். நோய்க் கிருமியை 1894 இல் ஹாங்காங்கில் யெர்சின் கண்டறிந்திருந்தார். ஆயினும் அக்கிருமி வீட்டுக்குள் எவ்வழியே நுழைகிறது என்பது தெளிவாகவில்லை. அழுக்கும் துர்நாற்றமுமே காரணமென எண்ணிய அதிகாரிகள் சாக்கடைகளைக் கழுவினர். வீடுகளில் கார்பாலிக் அமிலம் தெளித்தனர். வெயில் விழக் கூரை ஓடுகளைப் பிரித்தனர். நோயாளிகளைக் கட்டாயமாக மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர். அச்சமுற்ற குடும்பங்கள் நோயாளிகளை ஒளித்துவைத்தன. அவ்வாண்டு அக்டோபரில் ஆர்தர் சாலை மருத்துவமனையை ஆலைத் தொழிலாளர் தாக்கும் அளவுக்கு அவநம்பிக்கை முற்றியது.

மக்களோ வேறோர் அடையாளத்தைக் கவனித்திருந்தனர். வீட்டில் எலிகள் செத்து விழுந்தால், நோய் பின்தொடரும். ஆதலின் உடனே வீட்டைவிட்டு வெளியேறித் திறந்த வெளியில் குடிசை இட்டுத் தங்குவது பல ஊர்களில் வழக்கமாயிற்று. அவ்வழக்கத்தின் காரணத்தை விளக்கியவர் பால் லூயி சீமோன். எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே நோயைக் கடத்துகிறது என்பதை அவர் 1898 இல் கராச்சியில் சோதனை செய்து காட்டினார். எலி இறந்து உடல் குளிர்ந்ததும் தெள்ளுப்பூச்சி அதனை நீங்கி மனிதரை நாடுகிறது. துணிமூட்டையிலும் தானிய மூட்டையிலும் ஏறி ஊர்விட்டு ஊரும் செல்லக்கூடும். இதற்கிடையே ஹாஃப்கின் பம்பாயிலேயே தடுப்பூசி ஒன்றை உருவாக்கி, 1897 ஜனவரியில் முதலில் தமக்கே செலுத்திக்கொண்டார்.

இவ்வரலாறு இல்லத்தாருக்கு உணர்த்துவது யாது? நோய் வரும் வழியை அறிவதே முதல் ஆயத்தம் என்பதாம். பிளேக் எலியின் வழி வருவது. தானியத்தை மூடிய கலங்களில் வைப்பதும், எச்சில் உணவை இரவில் விட்டுவைக்காமையும், செத்த எலியை வெறுங்கையால் தொடாது சுகாதார அதிகாரிக்கு அறிவிப்பதும் அதற்குரிய காப்பு. காலரா நீரின் வழி வருவது. குடிநீரைக் கொதிக்கவைத்தல் அதற்குரியது. 2020 இல் உலகை ஆட்டிய கொரோனா மூச்சின் வழி வந்தது. திறந்த சாளரமும் நோயாளிக்குத் தனியறையும் அதற்குரியன. ஒன்றின் காப்பு மற்றொன்றுக்கு முழுதும் உதவாது.

இன்று பிளேக் மருந்தால் குணமாகும் நோய். காலம் தாழ்த்தினாலோ உயிருக்கு ஆபத்து. ஆகவே காய்ச்சல் கண்டவரை ஒளித்துவைப்பது அவருக்கும் அண்டை வீட்டாருக்கும் தீங்கு. நோயாளியை யார் கவனிப்பது, எந்த மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது என்பனவற்றை நோய் வருமுன்னரே வீட்டார் கூடிப் பேசி வைத்துக்கொள்வது நலம்.