வேலூரில் தெரிந்த உண்மை

ஜமுனாமரத்தூருக்குச் சென்று வந்தவர்கள் காவலூர் வானாய்வு நிலையத்தை அறிந்திருப்பார்கள். ஜவ்வாது மலையின் அந்தச் சிற்றூரில், 1986ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி பெரியதொரு தொலைநோக்கியைத் தொடங்கி வைத்தார். அதன் ஆடியின் குறுக்களவு 2.34 மீட்டர். எட்டாத விண்மீன்களை எட்டிப் பார்க்க மலைமேல் ஒரு கண் திறந்தது என்று நாடு மகிழ்ந்தது.

அதற்கடுத்த மாதம் வேலூரில் மற்றொரு கண் திறந்தது. அது நம் வீடுகளுக்குள் நோக்கிய கண். அதைத் திறந்தவர் சிற்றூர்ப் பின்னணியிலிருந்து வந்த, இரு குழந்தைகளுக்குத் தாயான, கூச்ச சுபாவமுள்ள ஒரு மாணவி. அவர் பெயர் டாக்டர் செல்லப்பன் நிர்மலா. அவரையும் அவருடைய ஆசிரியை டாக்டர் சுனிதி சாலமனையும் பற்றி நம் குடும்பங்கள் அறிந்துகொள்வது நல்லது.

எய்ட்ஸ் எனும் நோய் 1981ஆம் ஆண்டு அமெரிக்காவில் முதன்முதலாக அறிவிக்கப்பட்டது. அதற்குக் காரணமான கிருமியைப் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தார் 1983இல் கண்டறிந்தனர். அக்காலத்தில் நம் நாட்டினர் பலர் கொண்டிருந்த எண்ணம் யாது? அது மேல்நாட்டாரின் ஒழுக்கக் கேட்டினால் விளைந்த நோய். குடும்பப் பண்பில் ஊறிய இந்நாட்டை அண்டாது என்பதே. மும்பையில் அதுவரை சோதித்த குருதியிலும் கிருமி காணப்படவில்லை. ஆகவே அவ்வெண்ணம் மேலும் வலுப்பெற்றது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியையாக இருந்த சுனிதி சாலமன் அதை நம்பவில்லை. அவர் சென்னையில் தோல் வாணிபம் செய்து வந்த மராட்டியக் குடும்பத்தில் பிறந்தவர். பண்பாடு கிருமியைத் தடுக்கும் வேலியாகாது என்பதை உணர்ந்த அவர், 1985ஆம் ஆண்டின் இறுதியில் தம் மாணவிக்கு இப்பொருளையே ஆய்வுக்குக் கொடுத்தார். 32 வயது நிர்மலா முதலில் தயங்கினார். “செய்துதான் பார்” என்று ஊக்கியவர் அவருடைய கணவர்.

மும்பையைப் போல் இன்ன இடம் என்று சுட்டத்தக்க பரத்தையர் தெரு சென்னையில் இல்லை. நிர்மலா அரசுப் பொது மருத்துவமனையில் பால்வினை நோய்க்குச் சிகிச்சை பெற வந்த பெண்களோடு பழகினார். அவர்கள் வழியே, பிணை கட்ட வழியின்றிக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களைப் பற்றி அறிந்தார். நாள்தோறும் காலையில் கணவர் தம் ஸ்கூட்டரில் கொண்டுபோய் அக்காப்பகத்தின் வாயிலில் இறக்கிவிடுவார். கையுறையும் இல்லை, பாதுகாப்புக் கருவியும் இல்லை. மூன்று திங்கள் இவ்வாறு திரட்டிய குருதி மாதிரிகள் அவர்தம் வீட்டுக் குளிர்பெட்டியிலும் இருந்தன என்றால் இன்று நமக்கு வியப்பாக இருக்கும்.

சோதிக்கும் வசதி சென்னையில் இல்லை. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் ஜான் அதற்கு இசைந்தார். 1986 பிப்ரவரியில் கணவனும் மனைவியும் பனிக்கட்டிப் பெட்டியோடு இரவு இரயிலேறிக் காட்பாடியில் இறங்கினர். சோதனைத் தட்டின் குழிகளில் ஆறு மஞ்சளாக மாறியிருந்தன. மஞ்சள் என்றால் கிருமி உண்டென்று பொருள். மீண்டும் குருதி எடுக்கப்பட்டு, அமெரிக்காவில் நடந்த மறுசோதனையும் அம்முடிவையே உறுதி செய்தது. அவ்வாண்டு மே மாதம் நல்வாழ்வுத் துறை அமைச்சர் டாக்டர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் செய்தியை அறிவித்தபோது, ஆசிரியையும் மாணவியும் பார்வையாளர் மாடத்தில் அமர்ந்து கேட்டனர். நாட்டில் சிலர் நம்ப மறுத்தனர். சிலர் சோதித்தவர்களையே குறை கூறினர்.

நிர்மலா 1987 மார்ச்சில் ஆய்வேட்டை அளித்துவிட்டு, கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் தடுப்பு மருந்துப் பணியில் சேர்ந்து 2010இல் ஓய்வு பெற்றார். புகழ் அவரைத் தேடி வர நெடுங்காலம் ஆயிற்று. சுனிதி சாலமனோ வேறொரு பாதையை மேற்கொண்டார். 1993இல் தம் தந்தையார் ஒய்.ஆர். கெய்த்தொண்டேயின் பெயரால் ஒரு நிலையத்தைச் சென்னையில் நிறுவினார். மருத்துவர்களும் தொடத் தயங்கிய நோயாளிகளைத் தொட்டுப் பார்த்தார். அவர்களை அருகே அமர்த்திப் பேசினார்.

அங்கு அவர் கண்டதுதான் நாம் நின்று சிந்திக்க வேண்டிய செய்தி. அவரும் உடன் ஆய்ந்தோரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று, கிருமி தொற்றிய தென்னிந்தியப் பெண்களைப் பற்றியது. அவர்கள் யார்? பெரும்பாலோர் இல்லத்தரசிகள், கணவனைத் தவிரப் பிற ஆடவரை அறியாதவர்கள். எந்தக் காப்பகத்துப் பெண்களைச் சுட்டி நாடு “இது அவர்களுடைய நோய்” என்றதோ, அந்நோய் மணவறை வழியாகவே கற்புடைய மகளிரை வந்தடைந்திருந்தது. பெண்ணின் ஒழுக்கம் அவளைக் காக்கவில்லை; ஆணின் ஒழுக்கத்தை எவரும் கேட்கவில்லை. நம் திருமணப் பேச்சுகளில் மணமகளைப் பற்றி நூறு வினா எழும். மணமகனைப் பற்றி எழுவது அவனுடைய வருவாய் மட்டும்தானே?

இங்கே மற்றோர் உண்மையையும் மறைத்தல் ஆகாது. காப்பகத்துப் பெண்களிடம் எந்த நோய்க்காகக் குருதி எடுக்கப்படுகிறது என்பது சொல்லப்படவில்லை. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே அவர்கள் கருதினர். கேட்டிருந்தால் மறுத்திருப்பரோ, இசைந்திருப்பரோ, யார் அறிவார்? மறுக்கும் வாய்ப்பே அடைபட்டுக் கிடந்த அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. நாடு பெற்ற அறிவுக்கு அவர்கள் அறியாமலே விலை கொடுத்தனர். அக்காலத்து வழக்கம் அது என்று சொல்லி நாம் எளிதில் கடந்துவிடக் கூடாது. 2017இல் நாடாளுமன்றம் இயற்றி, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம், ஒருவருடைய அறிந்த இசைவின்றிச் சோதித்தலும், அவருடைய நிலையை வெளியிடுதலும், வேலையிலும் கல்வியிலும் சிகிச்சையிலும் அவரை ஒதுக்குதலும் கூடாது என்கிறது. அப்பெண்களுக்குக் கிட்டாத உரிமை, அவர்களுக்குப் பின் வந்தோர்க்குக் கிட்டியது.

வெட்கத்தால் வாய்மூடுதல் ஒன்று. பிறர் மானத்தை அமானிதமாகப் பேணுதல் மற்றொன்று. வெளிப்பார்வைக்கு இரண்டும் மௌனமே. முன்னது நோயை வளர்க்கும். பின்னது நோயாளியை வாழவைக்கும். இவ்விரண்டையும் பிரித்தறியும் பக்குவம் நமக்கு வேண்டும்.

சுனிதி சாலமன் அப்பக்குவம் உடையவர். கிருமி தொற்றிய இளைஞர்க்கும் இளம்பெண்களுக்கும் வரன் பார்த்து மணமுடித்து வைத்த மருத்துவர் அவர். உண்மையை மறைத்து நடக்கும் மணத்தைவிட, உண்மை அறிந்த இருவரின் மணம் மேலானதன்றோ? 2004 ஏப்ரல் முதல் நாள் தொடங்கி, தாம்பரம் போன்ற அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைத்தபோது, அத்தகைய இல்லறங்களுக்கு ஆயுளும் நம்பிக்கையும் கூடின. 2015 ஜூலை 28ஆம் நாள் சுனிதி காலமானார். 2017இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதை மறைவுக்குப்பின் அளித்தது.

அந்த ஆறு பெண்களின் பெயரை உலகம் அறியாது, அறியவும் வேண்டாம். ஆனால் அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். நம் பிள்ளைகளின் திருமணப் பேச்சில், பெண்ணைக் கேட்பது போலவே ஆணையும் கேட்கும் துணிவு நமக்கு வருமாயின், அக்கடனில் ஒரு பகுதியாவது தீரும்.