சுட்ட கத்தரிக்காய்ச் சம்பலுக்குள் ஒரு சரித்திரம்

மரக்கறியைக் 'கிரில்' பண்ணிச் சாப்பிடுறது எண்டால் கனபேருக்கு யூடியூப் வீடியோதான் ஞாபகம் வரும். எங்கட வீடுகளில் அதுக்குச் 'சுடுறது' எண்டு ஒரு சொல் எப்பவோ இருக்கிறது. கத்தரிக்காய், மரவள்ளி, வத்தாளங்கிழங்கு, பனம்பழம் எல்லாமே தணலில் சுட்டுச் சாப்பிட்டவைதான். இதில் சுட்ட கத்தரிக்காய்ச் சம்பலை மட்டும் எடுத்துப் பார்ப்போம்.

செய்முறை சின்னன். கத்தரிக்காயில் எண்ணெய் பூசி, வெடிக்காமல் இருக்க இரண்டு மூன்று இடத்தில் கத்தியால் குத்தி, தோல் கருகும்வரை திருப்பித் திருப்பிச் சுடவேணும். ஆறினதும் தோலை உரித்துப் பிசைந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, கெட்டித் தேங்காய்ப்பால் சேர்த்து, கடைசியில் தேசிக்காய்ப் புளி விட்டால் சரி.

இப்ப சரித்திரத்துக்கு வருவோம். கத்தரி ஆசியாவின் சொந்தப் பயிர். மிளகாய் அப்படியில்லை. 1492இல் கொலம்பஸ் அமெரிக்காவில் கால் வைத்த பிறகுதான் அது கடல் தாண்டியது. இந்தப் பக்கம் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கேயர். அதுக்கு முதல் உறைப்பு எண்டால் மிளகுதான். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்த அதே போர்த்துக்கேயரின் சொல்லைத்தான் சமையலறைக்கு இண்டைக்கும் 'குசினி' எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

வெங்காயமும் மிளகாயும் பிறகு அரசியலாகவும் மாறின. 1970களில் சிறிமாவோ அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்கு அவை நல்ல காசைக் கொடுத்தன. 1977இல் ஜே.ஆர். ஜெயவர்த்தன ஆட்சிக்கு வந்து இறக்குமதியைத் திறந்துவிட, அந்தச் சந்தை ஆட்டம் கண்டது. கொழும்பில் எடுத்த ஒரு முடிவு வலிகாமத்துச் செம்மண் தோட்டத்தில் விலையாகத் தெரிந்தது.

அடுத்தது நெருப்பு. 1990இல் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விழுந்த பிறகு மண்ணெண்ணெய் அரும்பொருளானது. கிடைத்த கொஞ்சத்தையும் ஜாம் போத்தல் விளக்குக்குச் சேமித்தார்கள். அடுப்புக்கு விறகு, பனை மட்டை, ஊமல், பொச்சு. 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்துச் சனம் இரவோடிரவாக வெளிக்கிட்டபோது, போன இடத்தில் மூன்று கல்லு வைத்ததே அடுப்பு. அந்த நேரத்தில் தணலில் சுட்டது ருசிக்காக இல்லை. எண்ணெயும் குறைவு, எரிபொருளும் குறைவு. உலை இறக்கின பிறகு மிஞ்சிய சூட்டை வீணாக்கக் கூடாது.

2022இல் காஸ் சிலிண்டருக்கு நாடு முழுக்க வரிசை நின்றது. கொழும்பு மாடிவீடுகளில் இருந்தவர்களும் விறகைத் தேடினார்கள். வடக்குக்கு முப்பது வருசத்துக்கு முந்திப் பழகின விசயம் அது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு 'அந்தக் காலத்து விறகடுப்புச் சமையல் போல வருமா' எண்டு பெருமூச்சு விட எங்களுக்கு விருப்பமில்லை. அந்தப் புகையைக் குடித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். விறகு பொறுக்கினது, ஊதுகுழல் ஊதினது, கண் எரிய இருமினது எல்லாம் அவர்கள்தான். தடையைப் பற்றி எழுதுகிறவர்கள் காசையும் கப்பலையும் எழுதுவார்கள். குசினிக்குள் நடந்ததை எழுதினவர்கள் குறைவு.

அதனால் ஒரு சின்ன வேலை தருகிறோம். இண்டைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு கத்தரிக்காயைச் சுடுங்கோ. காஸ் அடுப்பிலும் சுடலாம், சிரட்டைக்கரி இருந்தால் இன்னும் நல்லது. சாப்பிடேக்க வீட்டில் இருக்கிற அம்மம்மாவிட்டயோ பக்கத்து வீட்டு ஆச்சியிட்டயோ கேளுங்கோ: "தொண்ணூறுகளில என்னத்தை எரிச்சுச் சமைச்சனீங்கள்?" சொல்லுறதை எழுதி வையுங்கோ.