பாலினீசிய நடனம்: தொடக்க கால ஐரோப்பியச் செப்புத்தகட்டுப் படங்கள்

பாலினீசியத் தீவுகளின் சடங்கு, விழா நடனங்களை ஐரோப்பிய வாசகர்கள் முதலில் கண்டது பெரும்பாலும் ஜேம்ஸ் குக்கின் கடற்பயண நூல்களில் இருந்த செப்புத்தகட்டுப் படங்களில்தான்.

1769இல் குக்கின் கப்பல் ரையாத்தேயா தீவில் தங்கியபோது அங்கு நடந்த ஆட்டங்களை ஓவியர் சிட்னி பார்க்கின்சன் வரைந்தார். ஊர் திரும்பும் வழியில், 1771 ஜனவரியில் அவர் இறந்துவிட்டார். இரண்டாண்டு கழித்து ஹாக்ஸ்வொர்த் தொகுத்த பயண நூலுக்காக லண்டனில் வாழ்ந்த இத்தாலியரான சிப்ரியானி அவற்றைத் திருத்தி வரைய, பார்த்தொலொட்சி செம்பில் செதுக்கினார். கூரை வீடும் இசைக்கலைஞர்களும் படத்தில் உண்டு. ஆனால் ஆடும் பெண்களோ கிரேக்கச் சிலைகளைப் போல நிற்கிறார்கள். உடன் பயணித்த இயற்கை ஆய்வாளர் ஜோசப் பேங்க்ஸ், நடனமாடுவோர் வாயை வியக்கத்தக்க விதத்தில் கோணிக்கொள்வதைத் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்தக் கோணல் இப்படத்தில் இல்லை. ஆட்டத்தின் உயிரான ஒன்று இங்கே அழகுக்காகப் பறிபோய்விட்டது.

குக்கின் மூன்றாம் பயணத்தின் ஓவியர் ஜான் வெப்பர் உயிரோடு திரும்பி, செதுக்கும் வேலையைத் தாமே மேற்பார்வையிட்டார். வேறுபாடு கண்கூடு. 1777 மே மாதத்தில் டோங்காவின் ஹாப்பாய் தீவுகளில் குக்கை வரவேற்று நடந்த இரவு நடனங்களை வில்லியம் ஷார்ப் இரண்டு படங்களாகச் செதுக்கினார். ஒன்று ஆண்கள் ஆடுவது, மற்றொன்று பெண்கள் ஆடுவது. அந்த இரவுகளில் ஆடுவோருக்கு நடுவே பாடகர்கள் அமர்ந்து, மூங்கில் குழாய்களைத் தரையில் குத்தித் தாளமிட்டதாகக் குக் எழுதியுள்ளார். உடற்கட்டில் ஐரோப்பியச் சாயல் விலகவில்லை என்றாலும் இப்படங்களை நம்பிப் பார்க்கலாம். 1784இல் வெளியான அதே நூலில் கிரிக்னியன் செதுக்கிய ஹவாய் நடனக்காரரும் இருக்கிறார்: கையில் இறகு சூடிய சுரைக் கிலுகிலுப்பை, காலில் வரிசை வரிசையாக நாய்ப்பற்கள் கோத்த அணி.

பயண நூல்களின் படங்கள் வேறு வடிவங்களிலும் பரவின. 1804இல் பிரான்சின் துஃபூர் நிறுவனம் பசிபிக் மக்களைக் காட்டும் சுவர்த்தாள் ஒன்றையே வெளியிட்டது. ஓவியர் லூயி கோரி 1816இல் ஹவாயில் கண்ட நடனங்கள் 1822இல் பாரிசில் கல்லச்சில் வெளியாகின.

1830இல் ஹவாய் அரசி காஅஹுமானு பொது இடங்களில் அத்தீவுகளின் ஹுலா நடனத்தை ஆடத் தடை விதித்தார். கிறித்தவச் சமயப்பணி வேரூன்றிய பிற தீவுகளிலும் பழைய ஆட்டங்கள் ஒடுக்கப்பட்டன. அதனால்தான் இப்படங்களின் மதிப்பு பின்னாளில் உயர்ந்தது. மானிடவியலாளர் ஏட்ரியன் கேப்லர் குக் காலச் சான்றுகளை இன்றைய டோங்கா ஆட்டங்களோடு ஒப்பிட்டு, லகலக என்னும் குழு நடனம் அந்நாளைய மெஎலாவுஃபோலாவிலிருந்து வளர்ந்தது என்று காட்டினார்.