கொச்சிக்கடைக் குருமனை

ஒல்லாந்தர் 1656ஆம் ஆண்டிலே கொழும்பைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். இரண்டாண்டுகளின் பின், கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் அளிப்போர் மரண தண்டனைக்கு உரியர் எனக் கட்டளை பிறந்தது. குருமனை என்பது அதன்பின் பகிரங்கமாக இருத்தல் இயலாதாயிற்று. 1687இல் யோசேவ் வாஸ் அடிகளார் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்தடைந்த பின்னரும், குருவானவர் இரவு தங்கிய இல்லமே அன்றைய குருமனை.

கொச்சிக்கடையின் கதை இச்சூழலிலேயே தொடங்குகின்றது. கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்னும் குருவானவர் வணிகர் வேடத்தில் மறைந்து வாழ்ந்தார் என்றும், கடலரிப்பினால் இடருற்ற மீனவர் வேண்ட, கரையிலே சிலுவை நாட்டி மூன்று நாள் செபித்தார் என்றும், கடல் பின்வாங்கியது என்றும் செவிவழி மரபு கூறும். இதனையறிந்த ஒல்லாந்தர் அவர் குடியிருக்க ஒரு துண்டு நிலம் அளித்தனராம். அவர் அங்கு களிமண்ணாற் சிற்றாலயம் எழுப்பி, அந்தோனியார் பெயரைச் சூட்டினார்.

அற்புதத்தை நம்புவதும் விடுவதும் அவரவரைப் பொறுத்தது. வரலாற்று மாணவன் நோக்கற்பாலது அந்நிலமே. தடைசெய்யப்பட்ட மதத்தின் குருவுக்குத் தடைவிதித்தவரே எல்லை குறித்து நிலம் வழங்கினர் என்பது சாதாரணச் செய்தியன்று. கட்டளை ஏட்டில் இருந்தது. கடற்கரையிலோ மீனவரின் மனநிலையையும் ஆட்சியாளர் கருதவேண்டியிருந்தது போலும். அண்மையில் 1749க்கும் 1757க்குமிடையே அவர்தம் வுல்வெண்டால் தேவாலயம் தடித்த சுவர்களுடன் எழுந்ததை நினைத்தால், இம்மண் குடிலின் எளிமை புலனாகும்.

ஊர்ப்பெயரும் அக்குருவானவர் நடத்திய கடையால் வந்ததென்பர். ஆயின் நீர்கொழும்புக்கு வடக்கேயும் ஒரு கொச்சிக்கடை உண்டு. கொச்சி வணிகரின் கடைகளே இரண்டிற்கும் பெயர் தந்திருக்கலாம். எனவே பெயரைச் சான்றாகக் கொள்ளுதல் தகாது.

ஆங்கிலேயர் ஆட்சியில், 1806இல், கத்தோலிக்கர் மீதான தடைகள் நீக்கப்பட்டன. அவ்வாண்டிலேயே சிற்றாலயமும் விரிவாக்கப்பட்டது. 1822இல் கோவாவிலிருந்து அந்தோனியார் திருவுருவம் கொண்டுவரப்பட்டது. 1828இல் அடித்தளமிடப்பட்ட பேராலயம் 1834ஆம் ஆண்டு ஜூன் 13ஆந் திகதி அபிடேகம் பெற்றது. குருவானவரின் குடியிருப்பு நிலம் இவ்வாறு சிறிது சிறிதாக யாத்திரிகர் முற்றமாயிற்று. செவ்வாய்க்கிழமைகளிற் கத்தோலிக்கர் மட்டுமன்றிச் சைவரும் பௌத்தரும் அங்கு வருவர்.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, குண்டுவெடிப்பினால் ஆலயம் சிதைந்தது. வழிபடவந்தோர் பலர் மாண்டனர். திருத்தப்பெற்ற ஆலயம் திருநாளுக்கு முன்தினமாகிய ஜூன் 12ஆந் திகதி மீண்டும் திறக்கப்பட்டது. அந்தோனியோ அடிகள் தமக்கு அளிக்கப்பட்ட அந்நிலத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார் என்பர்.