நெல்மலையும் நீர்வழியும்

பொருள் ஓரிடத்தில் குவிந்திருப்பது மட்டும் பசியைத் தீர்க்காது. அது வேண்டுவோர் மனையைச் சென்றடைதல் வேண்டும். இவ்வுண்மையைச் சேக்கிழார் பெருமான் குண்டையூர் வரலாற்றில் காட்டியருளினார். குண்டையூர்க் கிழவர்க்கு இறைவன் நெல்மலை அளித்தான். அதனைத் திருவாரூருக்குக் கொண்டு செல்ல ஆளில்லை. சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருக்கோளிலியில் விண்ணப்பிக்க, பூதகணங்கள் ஓரிரவில் சுமந்து சேர்த்தன. பரவையாரோ, அவரவர் மனைமுன் கிடக்கும் நெல்லை அவரவரே கொள்க எனப் பறையறைவித்தார்.

பூதகணங்கள் வாராத காலமும் நம் நாட்டில் இருந்தது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த கொடும்பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என்பர். அப்போது சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் மலையெனக் குவிந்து கிடந்தன. உள்நாட்டிலோ மக்கள் மடிந்தனர். இரயில் பாதை சென்ற ஊர்கள் சில. ஏனைய ஊர்களுக்கு மாட்டுவண்டியே கதி. புல்லும் நீருமின்றி மாடுகள் மாண்டபின் வண்டியை யார் இழுப்பது? விலையோ ஏழையின் கைக்கு எட்டவில்லை. 1877இல் நிவாரண வேலை செய்த ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் ஓரணாவுமே கூலியாக வகுக்கப்பட்டது.

அப்பசித்த கரங்களே 1877–78இல் சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாயை வெட்டின. 1806இல் சென்னைக்கு வடக்கே தொடங்கிய நீர்வழியும் தெற்கே சென்ற நீர்வழியும் அதனால் ஒன்றாயின. அந்நாளைய ஆளுநர் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் எனப்பட்டது. அதன் தென்கோடி வேறெங்குமன்று. நம் குயிலாப்பாளையத்துக்கு வடக்கே, உப்பளங்கள் சூழ்ந்த மரக்காணமே. உப்பும் விறகும் ஏற்றிய படகுகளைக் கரைவழி நடந்து, கயிறு பூட்டி மனிதர் இழுத்தனர். இரயிலும் லாரியும் பெருகியதாலும், 1965–66, 1976 ஆண்டுகளின் புயல்களாலும் அப்படகுப் போக்குவரத்து நலிந்து மறைந்தது. 2008இல் தேசிய நீர்வழி எண் 4இன் பகுதியாக இக்கால்வாய் அறிவிக்கப்பட்டது.

அன்பர்களே! இரும்பை மாகாளம் ஞானசம்பந்தப் பெருமானின் பதிகம் பெற்ற தலம். இத்தகைய தலங்கள் சூழ்ந்த நாட்டில் வாழும் நாம் தேர்வடம் பிடிப்பதைப் பெரும்பேறாகக் கொள்கிறோம், அது தக்கதே. பசித்தவன் வாயிலுக்கு ஒரு படி நெல்லைச் சுமந்து செல்வதும் அப்பூதகணங்கள் ஆற்றிய திருத்தொண்டே. பரவையார் நெல்லைத் தம் மனையில் பூட்டி வைக்கவில்லை என்பதை நாம் மறவாதிருப்போமாக.