கயிறு மாறிய பிறகு

வாகனம் வாங்கி ஏமாந்தவர்களின் வரலாற்றைத் தமிழில் எழுதினால், முதல் பெயர் அரிமர்த்தன பாண்டியனுடையதாகத்தான் இருக்கும். குதிரை வாங்கிவர அமைச்சர் வாதவூரரிடம் கஜானாப் பணத்தைக் கொடுத்தனுப்பினான். அவர் அதைத் திருப்பெருந்துறையில் கோவிலுக்குச் செலவழித்துவிட்டார். பிறகு சிவபெருமானே குதிரை வணிகராக மதுரைக்கு வந்து குதிரைகளை ஒப்படைத்தார். அரசன் பார்த்து மகிழ்ந்தான். அன்று ராத்திரி லாயத்தில் நின்றதெல்லாம் நரி. மாணிக்கவாசகர் கதையாக இது நம் எல்லோருக்கும் தெரியும்.

கதையில் ஒரு சின்ன விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. குதிரைகளை ஒப்படைக்கும்போது வணிகர் 'கயிறு மாற்றி'க் கொடுக்கிறார். விற்றவர் தன் கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொள்ள, வாங்கியவர் தன் கயிற்றால் கட்டிக்கொள்வார். அந்த நொடியோடு வியாபாரம் முடிந்தது. நம்மூர் மாட்டுச் சந்தைகளிலும் இதே வழக்கம் உண்டு. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்கிறது பழமொழி. காசு கொடுத்து வாங்கும் மாட்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. பல்லையும் சுழியையும் நடையையும் கயிறு மாறுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். மாறிய பிறகு நரியானாலும் நம்முடையதுதான்.

பழைய கார் வாங்குவது பற்றி யார் என்னிடம் கேட்டாலும் எனக்கு இந்தக் கயிறுதான் நினைவுக்கு வரும். ஒரு வாகனத்தின் கடந்தகாலம் யாருக்குத் தெரியும், அதன் நஷ்டம் யார் தலையில் விழும்? எழுநூறு வருஷமாக நம் ஊரில் இந்தக் கேள்வி வேறு வேறு உருவத்தில் வந்துகொண்டே இருக்கிறது.

காயலுக்கு வந்த குதிரைகள்

புராணத்தை விட்டு வரலாற்றுக்கு வருவோம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், தாமிரபரணி முகத்துவாரத்தில் இருந்த காயல் துறைமுகத்தில் அரபு, பாரசீகக் குதிரைகள் இறங்கின. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இந்த வியாபாரத்தின் கணக்கைச் சொல்கிறார். கீஷ் தீவின் ஜமாலுதீன் என்ற பெருவணிகர் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்ப ஒப்பந்தம். ஒரு குதிரைக்கு 220 பொன் தினார். கடல் பயணத்தில் குதிரை செத்துப்போனாலும் அதற்குரிய விலையைப் பாண்டியன் கொடுத்துவிட வேண்டும்!

அதாவது, குதிரை கண்ணில் படும் முன்பே கயிறு மாறிவிட்டது. அதே காலத்தில் இங்கே வந்துபோன மார்க்கோ போலோ இன்னொன்றும் சொல்கிறார். அரசன் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் குதிரை வாங்குகிறான், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை. இங்குள்ளவர்களுக்குக் குதிரையைப் பராமரிக்கத் தெரியவில்லை. தெரிந்தவர்களை வணிகர்கள் இங்கே வரவிடுவதும் இல்லை. குதிரைகள் சாகச் சாகத்தானே அடுத்த கப்பலுக்கு வேலை? மார்க்கோ போலோ கேட்ட கதைகளை அப்படியே எழுதுகிறவர், எண்களைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும். ஆனால் அவர் சொல்லும் தந்திரம் நம்பக்கூடியதுதான். விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாமல் இருப்பதே லாபத்தின் ஊற்றுக்கண்.

இதைப் பொருளாதாரக் கோட்பாடாக எழுத 1970 வரை ஆனது. ஜார்ஜ் அகர்லாஃப் என்ற இளம் அமெரிக்கர் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். மூன்று ஆய்விதழ்கள் அதைத் திருப்பி அனுப்பின. அதற்காகவே 2001இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் வாதம் எளிமையானது. நல்ல காரையும் மோசமான காரையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாவிட்டால், இரண்டுக்கும் சராசரி விலையைத்தான் கொடுப்பார். அந்த விலை நல்ல கார் வைத்திருப்பவருக்குக் கட்டாது, அவர் விற்கமாட்டார். சந்தையில் மோசமானவை மட்டும் தேங்கும். ஏமாற்றுபவன் வாங்குபவனை மட்டுமல்ல, நாணயமான விற்பனையாளரையும் சந்தையிலிருந்து துரத்துகிறான்.

அகர்லாஃப் 1967-68இல் ஒரு வருஷம் டெல்லியில் இருந்தார். அந்தக் கட்டுரையில் இந்தியக் குடும்பப் பெண்களும் வருகிறார்கள். கடை அரிசியில் வேண்டுமென்றே கலக்கப்பட்ட, அரிசி நிறத்திலேயே உள்ள கல்லை அவர்கள் பொறுக்க வேண்டியிருப்பதைக் குறிப்பிடுகிறார். முறத்தோடு திண்ணையில் உட்கார்ந்த நம் பாட்டிகள் உலகப் பொருளாதாரக் கட்டுரைக்குள் நுழைந்தது அப்படித்தான்.

அந்த வருஷங்களில் இந்தியாவில் பழைய கார் வாங்குபவருக்கு வேறு கவலை. ஃபியட்டுக்கும் அம்பாசடருக்கும் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கையில் கிடைக்கும் பழைய வண்டி, காத்திருந்து வாங்கும் புதிய வண்டியைவிட அதிக விலைக்குப் போனது. கிடைத்தால் போதும் என்றிருப்பவர் எங்கே பல்லைப் பார்ப்பார்? 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. பிறகு தாராளமயம், வங்கிக் கடன். சாலையில் கார் பெருகப் பெருக, ஊருக்கு நாலு 'கார் கன்சல்டிங்' கடைகள் முளைத்தன.

95 சென்டிமீட்டர்

2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பெய்தது. பாண்டியனின் குதிரைகள் இறங்கிய அதே கடற்கரை. தாமிரபரணி கரை உடைத்து ஓடியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நடுவில் நின்றது. திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் தெருத்தெருவாகக் கார்கள் மூழ்கின. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியிருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு அந்தக் கார்கள் எல்லாம் எங்கே போயின?

பல வண்டிகள் காப்பீட்டுக் கணக்கில் 'டோட்டல் லாஸ்' ஆகும். அவற்றை ஏலத்தில் எடுப்பவர் கழுவி, காய வைத்து, பாகம் மாற்றி மறுபடி ஓடவைக்கலாம். இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. மூழ்கிய வண்டி என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் வாங்கவும் ஆள் உண்டு. சொல்லாமல் விற்பதுதான் பிரச்சினை.

ராஜபாளையத்தில் இருக்கும் என் மாமா, மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் கார் வாங்க நினைத்தார். அத்தையை மாதம் இரண்டு தடவை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். ஒரு கன்சல்டிங்கில் தூத்துக்குடிப் பதிவு எண்ணோடு, 2020 மார்ச் மாடல், 'சிங்கிள் ஓனர்' வண்டி ஒன்று நின்றது. சந்தை விலைக்கு எழுபதாயிரம் குறைவு. நான் சாஃப்ட்வேர் ஆள் என்பதால் எனக்குக் கார் தெரியும் என்று குடும்பத்தில் ஒரு மூடநம்பிக்கை உண்டு. என்னையும் கூட்டிப்போனார்.

அய்யனார் கோவில் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். மாந்தோப்புகளையும், ஊருக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் தேக்கத்தையும் தாண்டிப் போனால் மலையடிவாரத்தில் கோவில். அங்கே சாமிக்குப் பெயரே நீர்காத்த அய்யனார். மலையில் மழை பெய்தால் ஆறு திடீரென்று பொங்கும், அக்கரைக்குப் போனவர்கள் திரும்ப முடியாமல் நிற்பார்கள். தண்ணீரின் வேகம் தெரிந்த ஊர் அது. வண்டி நன்றாகவே ஓடியது. மாமாவுக்கு அங்கேயே பூஜை போட்டுவிடலாம் போல இருந்தது.

"பேப்பரைப் பாத்துட்டு சாமி கும்பிடுவோம் மாமா" என்றேன்.

எங்கள் தொழிலில் ஒரு பாடம் உண்டு. இப்போதைய நிலையைக் காட்டும் எண்ணை நம்பாதே, அந்த நிலைக்கு வந்த வழியைச் சொல்லும் பதிவுகளைப் பார். கிலோமீட்டர் மீட்டர் என்பது ஒரு சிப்பில் எழுதப்பட்ட எண். அதை மாற்றி எழுதக் கருவி இருக்கிறது. ஆனால் அதே வண்டியின் கதை சர்வீஸ் சென்டரிலும் காப்பீட்டு நிறுவனத்திலும் ஆர்டிஓ பதிவிலும் டயரிலும் கண்ணாடியிலும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறது. எல்லா இடத்திலும் ஒரே பொய்யை எழுதுவது கடினம். எந்த ஒரு அறிகுறியும் தனியாக எதையும் நிரூபிக்காது. இரண்டு பதிவுகள் ஒன்றோடொன்று முரண்படும் இடம்தான் நாம் நிற்க வேண்டிய இடம்.

சர்வீஸ் பதிவில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒழுங்காக வந்த வண்டி, 2023 அக்டோபருக்குப் பிறகு 2024 இறுதிவரை எங்கும் வரவில்லை. அதுமட்டும் என்றால் விட்டிருக்கலாம். பிறகு காப்பீட்டு பாலிசிகளைக் கேட்டு வாங்கினோம். கிளைம் செய்யாத ஒவ்வொரு ஆண்டுக்கும் 'நோ கிளைம் போனஸ்' 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஒரு கிளைம் வாங்கினால் அடுத்த புதுப்பிப்பில் பூஜ்யம். இந்த போனஸ் ஆளுக்குச் சொந்தம், வண்டிக்கு அல்ல. எனவே ஓனர் மாறினாலும் பூஜ்யமாகும், அதைத் தப்பாக நினைக்கக் கூடாது. ஆனால் இங்கே ஒரே ஓனர். 2023 மார்ச் பாலிசியில் 35. 2024 மார்ச்சில் 45 இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம்.

"ஓனர் வெளியூர் போயிருந்தாரு சார், அதான் சர்வீஸ் விடல" என்றார் கடைக்காரர்.

மாமா கேட்டார்: "வெளியூர் போனவரு இன்சூரன்ஸ் கிளைம் எதுக்குப்பா வாங்குனாரு?"

எங்களோடு வந்த மெக்கானிக் அதற்குள் பின் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்திருந்தார். கழுவுகிறவர்கள் கண்ணுக்குத் தெரிவதைத்தான் கழுவுவார்கள். பெல்ட்டின் கடைசி முழம் சுருண்டு தூணுக்குள்ளே கிடக்கும். அதில் பழுப்பாக ஒரு கோடு. சீட் அடியில் தண்டவாளம் போலிருக்கும் இரும்பில் துரு, ஸ்டெப்னி வைக்கும் குழியின் மூலையில் வண்டல். ஐந்து வருஷ வண்டியில் தரைவிரிப்பு மட்டும் புதுசு.

இவ்வளவு பார்த்து என்ன, வண்டிதான் ஓடுகிறதே என்று தோன்றலாம். மூழ்கிய வண்டியின் கெடுதல் உடனே தெரியாது. கனெக்டர்களுக்குள் போன ஈரம் மாதக்கணக்கில் மெதுவாக அரிக்கும். ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் பெட்டி பல கார்களில் தரையோடு ஒட்டித்தான் இருக்கிறது, முதலில் நனைவது அதுதான். அது வேலை செய்கிறதா என்று தெரியவரும் நாள் விபத்து நாளாக இருக்கும். அத்தையோடு மதுரை ரோட்டில் அந்தச் சோதனையைச் செய்ய மாமாவுக்கு விருப்பமில்லை. வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம். எனக்கு அந்த முதல் ஓனர் மீது கோபம் வரவில்லை. அந்த டிசம்பரில் அவர் வேறு என்னென்ன இழந்தாரோ.

கயிற்றின் இரு முனை

கயிறு சரியாக மாறாவிட்டால் விற்பவரும் மாட்டிக்கொள்வார். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில், 2007இல் விற்கப்பட்ட வண்டி அடுத்தடுத்துக் கை மாறி 2009இல் விபத்துக்குள்ளானது. ஆர்டிஓ பதிவில் பெயர் மாற்றப்படவே இல்லை. இழப்பீட்டுக்குப் பொறுப்பு, பதிவில் பெயர் இருக்கும் முதல் ஆள்தான் என்றது நீதிமன்றம். சட்டத்தின் கண்ணில் கயிறு இன்னும் அவர் கையில்தான் இருந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவுப்படி, மாநிலத்துக்குள் என்றால் விற்பவர் 14 நாளில் தெரிவிக்க வேண்டும், வாங்குபவர் 30 நாளில். படிவம் 29, 30. கடன் இருந்த வண்டி என்றால் படிவம் 35 இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

நடுவில் இருக்கும் கன்சல்டிங்காரரின் பெயர் எந்தப் பதிவிலும் வராமல் இருந்ததுதான் பெரிய ஓட்டை. 2022 டிசம்பரில் வந்து 2023 ஏப்ரல் 1 முதல் அமலான விதிகள், அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டி இருக்கும் காலத்தில் அவரையே உரிமையாளராகக் கருதச் சொல்கின்றன. எனவே கடையில் முதலில் கேட்க வேண்டியது அந்த அங்கீகாரத்தை.

ஆனாலும் ஒரு ஓட்டை மிச்சமிருக்கிறது. நம் ஆர்சியில் எத்தனையாவது ஓனர் என்று இருக்கிறது, கடன் இருக்கிறதா என்று இருக்கிறது. வெள்ளத்தில் மூழ்கியதா, டோட்டல் லாஸ் ஆனதா என்று எழுத ஒரு கட்டம் இல்லை. அமெரிக்காவில் அப்படிப்பட்ட வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே முத்திரை விழுகிறது. பெல்ஜியத்தில் 2006 முதல், வண்டி எந்தப் பட்டறைக்குப் போனாலும் கிலோமீட்டர் ஒரு பொதுப் பதிவேட்டில் ஏறுகிறது, அந்தச் சான்று இல்லாமல் பழைய கார் விற்க முடியாது. அங்கும் திருடர்கள் இருக்கிறார்கள். ஆனால் கல் பொறுக்கும் வேலையில் பாதியை அரசு எடுத்துக்கொண்டிருக்கிறது.

இங்கே அந்த வேலை முழுக்க நம்முடையது. மாமா நான்கு மாதம் கழித்து, விருதுநகரில் ஒரு வாத்தியாரிடமிருந்து நேராக வண்டி வாங்கினார். எல்லா பில்லையும் ஒரு பழைய டைரிக்குள் ஒட்டி வைத்திருந்தார் வாத்தியார். விலை சந்தையைவிடப் பத்தாயிரம் கூடுதல். மாமா பேரம் பேசவில்லை.