மான் வேட்டைக்குரிய இலகு ரைபிள்

மான் வேட்டைக்குரிய இலகு ரைபிள் என்பது, வேட்டைக்காரன் காலைமுதல் மாலைவரை காட்டிலும் மலைச்சரிவிலும் சுமந்து திரிந்தாலும் கை சோராமல், மானைக் கண்ட கணத்தில் தோளுக்கு ஏற்றிக் குறிவைக்கத் தக்கவாறு எடை குறைத்துச் செய்யப்பட்ட துப்பாக்கியாகும். இதற்குச் சட்டபூர்வமான வரம்பு எதுவும் இல்லையெனினும், தொலைநோக்கியைப் பொருத்துமுன் ஏறத்தாழ ஆறரை ராத்தலுக்கு மேற்படாததையே அமெரிக்க வேட்டைக்காரர் பொதுவாக இவ்வகையில் சேர்ப்பர். இளைஞனுக்கு இது ஒரு சௌகரியம். அறுபது பிராயம் கடந்து, முழங்காலும் தோளும் கண்ணும் ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்ந்துவரும் வயோதிகனுக்கோ, அடுத்த பருவத்தில் காட்டுக்குப் போவதா வீட்டோடு இருப்பதா என்பதையே தீர்மானிக்கும் விஷயம். ஆயினும், கையில் குறைந்த பாரத்தைத் தோள் உதையாக வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரே தோட்டாவை எட்டு ராத்தல் துப்பாக்கிக்குப் பதிலாக ஆறு ராத்தல் துப்பாக்கியிலிருந்து சுட்டால், உதைப்பின் சக்தி மூன்றில் ஒரு பங்கு மிகுகிறது. இந்த ஆயுதத்தின் சரித்திரம், கைக்கும் தோளுக்கும் இடையே ஓயாமல் நடந்துவந்த ஒரு வழக்கின் சரித்திரம்.

கரிமருந்து வழங்கிய நாளில் இவ்வழக்குக்கே இடமில்லை. அம்மருந்தினால் குண்டுக்குக் கொடுக்கக்கூடிய வேகம் சொற்பமாகையால், பிராணியை வீழ்த்தும் வலிமையைக் குண்டின் பருமனிலேயே தேடவேண்டியிருந்தது. பருத்த குண்டுக்கு அகன்ற துவாரமும், அகன்ற துவாரத்துக்குத் தடித்த இரும்பும் தேவைப்பட்டன. பதினெட்டாம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர்ப் பிரதேசத்தில் குடியேறிய ஜெர்மானியக் கைவினைஞர் துவாரத்தைச் சுருக்கிக் குழலை 40 அங்குலத்துக்கு மேலும் நீட்டி, ஈயத்தை மிச்சம் பிடித்தனர். நீளம் சுமப்பதற்கு இடைஞ்சலாயிற்று. பிற்பாடு மேற்கு மலைகளுக்குச் செல்வோருக்காக செயின்ட் லூயிஸ் நகரில் ஹாக்கன் சகோதரர் செய்த ரைபிள்கள் நீளத்திற் குறைந்தும் தடிப்பில் மிகுந்தும், பத்து ராத்தலை எட்டுவனவாக இருந்தன. 1884இல் பிரெஞ்சு ரசாயனியான போல் வியேய் புகையில்லா வெடிமருந்தை உண்டாக்கிய பிறகுதான், சிறு குண்டைப் பெருவேகத்தில் செலுத்தி, மெல்லிய குழலோடு அமைதியடைய வழி பிறந்தது.

அவ்வழியே வந்த முதற்பெருங் கருவி, உட்டா மாகாணத்து ஆக்டன் நகரினரான ஜான் மோசஸ் பிரௌனிங் வகுத்து வின்செஸ்டர் நிறுவனத்தார் வெளியிட்ட 1894ஆம் ஆண்டு மாதிரி. தொடக்கத்தில் கரிமருந்துத் தோட்டாக்களுக்கென்றே அமைந்திருந்த இது, 1895இல் .30-30 என்னும் புகையில்லாத் தோட்டாவைப் பெற்றதும் கிழக்கத்திய வனங்களின் மான்துப்பாக்கி என்றே பெயரெடுத்தது. எழுபது லட்சத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. 20 அங்குலக் குழலுடைய அதன் சிறு வடிவம் ஏறத்தாழ ஆறரை ராத்தல்தான். எடையைக் காட்டிலும் விசேஷமானது அதன் சமநிலை: தட்டையான பக்கங்களையுடைய அதன் நடுப்பகுதி ஒற்றைக் கைக்குள் அடங்கிவிடுமாதலால், மறு கை கிளைகளை விலக்கவும் கோலூன்றவும் ஓய்வாக இருக்கும். ஆயின் முதியவனுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. பின்னுக்கு இழுத்து நிறுத்திய சுத்தியைச் சுடாமலே மீண்டும் இறக்கவேண்டுமானால், கட்டைவிரலால் அதைப் பிடித்துக்கொண்டு, விசையை அழுத்தி, மெல்ல மெல்ல விடவேண்டும். நவம்பர்க் குளிரில், முடக்குவாதத்தால் விறைத்த விரல் அதை நழுவவிட்டால் குண்டு கிளம்பிவிடும். விசையருகே குறுக்குத் தாழ் ஒன்று இம்மாதிரியில் சேர்க்கப்பட்டது 1992இல். அதாவது, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து!

ஜமெய்க்காவில் பிறந்த ஆர்தர் சாவேஜ் 1899இல் வெளியிட்ட ரைபிளில் இந்தச் சங்கடம் இல்லை, சுத்தி உள்ளடங்கியிருந்தது. வின்செஸ்டரில் தோட்டாக்கள் குழலின் கீழுள்ள நாளத்தில் ஒன்றன் பின்னொன்றாகப் படுத்திருக்குமாதலால், கூர்நுனிக் குண்டு முன்னதன் பற்றவைப்பிற் குத்தி வெடிக்கும் அபாயம் கருதி மழுங்கிய குண்டுகளையே போடவேண்டியிருந்தது. சாவேஜோ தோட்டாக்களைச் சுழலும் உருளையொன்றில் அடுக்கினார். எஞ்சிய தோட்டாக்களின் எண்ணிக்கை, இடப்பக்கத்துச் சிறு துளையின் வழியே தெரியும். கூர்நுனிக் குண்டுக்குத் தடை நீங்கவே, 1915இல் சார்லஸ் நியூட்டன் இந்த ரைபிளுக்கென வகுத்த .250-3000 தோட்டா, 87 கிரெயின் குண்டை விநாடிக்கு 3000 அடி வேகத்தில் செலுத்தியது. தோளை நோகச் செய்யாமல் மானை வீழ்த்தும் நோக்கில் இது முற்காலத்திலேயே எடுத்த நல்லடி என்பது என் கருத்து. அக்காலத்தார் அதன் வேகத்தைப் புகழ்ந்த அளவுக்கு அதன் மென்மையைப் புகழவில்லை.

ஐரோப்பாவிலும் இதே நோக்கு இருந்தது. ஆஸ்திரியாவின் ஸ்டையர் நகரில் செய்த 1903ஆம் ஆண்டு மான்லிஹர்-ஷோனவர் ரைபிள், கட்டை குழல்முனைவரை நீண்ட குறுந்துப்பாக்கியாய், 6.5 மில்லிமீட்டர்த் தோட்டாவுடன் மலைவேட்டைக்காரரிடையே பிரசித்தி பெற்றது. ஜெர்மனியின் மௌசர் 7 மில்லிமீட்டர்த் தோட்டாவை லண்டன் ரிக்பி நிறுவனத்தார் .275 என்று பெயரிட்டு விற்றனர். சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்ட ஜிம் கார்பெட்டுக்கு, ஐக்கிய மாகாணங்களின் துணை ஆளுநர் ஜான் ஹியூவெட் பரிசாக அளித்தது இத்தகைய ரிக்பியே. (1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டமும் அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்தபின் நம் நாட்டில் மான்வேட்டைக்கு இடமில்லை, ஆகவே இக்கட்டுரையின் எஞ்சிய பகுதியும் கடலுக்கு அப்பாற்பட்டதே.)

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் அமெரிக்காவில் வழக்கு கையின் பக்கம் சாய்ந்தது. வின்செஸ்டர் நிறுவனம் 1952இல் தனது 70ஆம் மாதிரியை இறகெடை என்னும் பொருளுடைய பெயரோடு இலேசாக்கி வெளியிட்டது: குழலை 22 அங்குலமாகக் குறுக்கியும் மெலிவித்தும், விசைக்காப்பையும் அடித்தகட்டையும் அலுமினியத்தால் செய்தும் ஒரு ராத்தலுக்கு மேல் குறைத்தனர். உடன் வந்த .308 தோட்டாவின் கூடு, பழைய .30-06இன் 63 மில்லிமீட்டருக்கு எதிராக 51 மில்லிமீட்டரே நீளமுடையதாதலால், பூட்டுப்பகுதியும் குறுகத் தக்கதாயிற்று. ஆனால் வலிமையில் .308 சற்றே இளைத்ததாகையால், உதைப்பு ஏறக்குறைய அப்படியே இருந்தது; துப்பாக்கி இளைத்த பாரமெல்லாம் தோள்மேல் ஏறியது.

தோளுக்குச் சாதகமான தீர்ப்பு 1955இல் வந்தது. அதே .308 கூட்டின் கழுத்தை நெரித்து ஆறு மில்லிமீட்டர்க் குண்டுக்கு ஏற்றதாக்கிய .243 வின்செஸ்டர், .308இன் உதைப்பில் பாதியளவே உதைத்தும், 200 கஜத்துக்குள் நிற்கும் வெண்வால் மானுக்குப் போதுமானதாக இருந்தது. சிறுவருக்கும் பெண்டிருக்கும் உரியதென்று வாலிபர் இதனை ஏளனம் செய்வதுண்டு. அந்த வாலிபரே தோள்மூட்டுச் சிகிச்சைக்குப் பின் இதனையே வாங்கவருவர். குண்டு சிறிதாகையால் எலும்பைத் தாக்கிய இடத்தில் தவறுக்கு இடம் குறைவென்பதும் உண்மையே. அக்குறையை நீக்கும் பொருட்டு ரெமிங்டன் நிறுவனம் 1980இல் அதே கூட்டில் 7 மில்லிமீட்டர்க் குண்டை ஏற்றி வெளியிட்ட 7மி.மீ.-08, கார்பெட்டின் .275க்கு நிகரான தோட்டாவைக் குறுகிய பூட்டுக்கு ஏற்றதாக்கித் தந்தது. 1983இல் வந்த அந்நிறுவனத்து ஏழாம் மாதிரி, பதினெட்டரை அங்குலக் குழலும் ஏறத்தாழ ஆறேகால் ராத்தல் எடையும் உடையதாய் இத்தோட்டாக்களுக்கு இயல்பான இருப்பிடமாயிற்று. முதியவர் ஒருவர் ஒரே துப்பாக்கியோடு காலந்தள்ள எண்ணினால், இந்த இணையைவிடப் பொருத்தமானதைச் சொல்வது கடினம்.

அதே தசாப்தத்தில் மேற்கு வர்ஜீனியாவின் மெல்வின் ஃபோர்ப்ஸ், வால்நட் மரத்துக்குப் பதிலாகக் கெவ்லாரும் கார்பன் இழையும் சேர்த்துச் செய்த கட்டையைப் பொருத்தி, ஐந்து ராத்தலுக்கு அருகே வரும் ரைபிளைச் செய்து காட்டினார். குளிரிலும் மழையிலும் மரம் முறுக்கிக்கொள்வதுபோல் இக்கட்டை முறுக்காதாகையால், குறி மாறாமல் நின்றது. பிற்காலத்துக் கிம்பர் முதலிய நிறுவனங்களின் ஐந்து ராத்தல் ரைபிள்களுக்கு முன்மாதிரி இதுவே. ஆனால் இவ்வளவு இலேசான குழலின் முனை, மேடேறி மூச்சு வாங்கும் மனிதனின் நெஞ்சோடு சேர்ந்து ஆடும். ஊன்றுகோலில் சாய்த்துச் சுடும் வழக்கமில்லாத முதியவருக்கு ஆறரை ராத்தலே உத்தமம், ஐந்து ராத்தல் ஆசைக்குரியது மட்டுமே.

கண்ணின் கதை வேறு. திறந்த குறிகளைக் கொண்டு சுடுவோன் பின்குறி, முன்குறி, மான் ஆகிய மூன்றையும் ஒருங்கே காணவேண்டும். வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு இது இயலாது. வில்லியம் லைமன் 1879இல் உரிமம் பெற்ற துவாரக்குறி ஓரளவு உதவிற்று. 1930இல் வில்லியம் வீவர் எளிய விலையில் தொலைநோக்கிகளைச் செய்யத் தொடங்கிய பிறகே, குறியும் மானும் ஒரே தளத்தில் தெரியும் வசதி சாமானியனுக்கும் எட்டியது. ஆறு ராத்தல் ரைபிளைத் தேடி வாங்கிவிட்டு, அதன்மேல் ஒன்றரை ராத்தல் கண்ணாடியை ஏற்றுவோர் இன்றும் பலர். காட்டுக்குள் நூறு கஜத்துக்கு நான்கு மடங்கு பெருக்கும் சிறு கண்ணாடியே போதும்.

உதைப்பைத் தணிக்கக் குழல்முனையில் துளைத்தடையைப் பொருத்துவோர், வாயுவைப் பக்கவாட்டில் திருப்பி முழக்கத்தைத் தம் காதுக்கே அனுப்பிக்கொள்கின்றனர்; ஏற்கெனவே செவி மந்தித்தவருக்கு இது ஆகாது. பின்லாந்திலும் நார்வேயிலும் ஓசையடக்கியைப் பொருத்துவது சாதாரண வழக்கம்; அமெரிக்காவிலோ 1934ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குப் பதிவையும் 200 டாலர் வரியையும் விதித்தமையால் வேட்டையில் அது நெடுங்காலம் பரவவில்லை. இதயத் துடிப்புக் கருவி பொருத்தப்பெறுவோர், தாம் துப்பாக்கியைச் சாத்தும் தோள் எதுவென்பதை மருத்துவரிடம் முன்னரே தெரிவித்தால், கருவியை உதைப்புப் படாத மறுபக்கத்து மார்பில் பதிக்க இயலும்.